ஒன்பது பேர், ஒரு வேன், இரண்டு வாரம்: கேமரா, லேப்டாப், சார்ஜர் எல்லாவற்றையும் எப்படிக் கட்டி எடுத்துப் போவது?

காலாப்பட்டு மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத நடுவில் நாங்கள் ஒன்பது பேர் ஒரு வேனை வாடகைக்குப் பேசி, ஏறக்குறைய இரண்டு வாரப் பயணம் கிளம்புகிறோம். கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம்; அங்கிருந்து தொண்டி வழியாக இராமேஸ்வரம், தனுஷ்கோடி; பிறகு தூத்துக்குடி, கன்னியாகுமரி, தென்காசி, தேனி, மூணாறு. திரும்பும்போது திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும், அது பாடத்துக்காக. மூணாறு எங்களுக்காக.

கேமரா இரண்டு, லென்ஸ் நான்கு, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, சட்டையில் மாட்டும் மைக் ஒரு ஜோடி, லேப்டாப் மூன்று, முக்காலி இரண்டு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஆளுக்கொரு செல்போன். நண்பன் ஒருவனின் மாமாவிடம் ட்ரோன் இருக்கிறது, தருவதாகச் சொல்கிறார். இன்னொருவன் நூடுல்ஸ் போட மின்கெட்டில் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான்.

தங்குவதெல்லாம் சாதாரண லாட்ஜ்தான், மூன்று அறை எடுப்போம். வேனில் சிகரெட் லைட்டர் துளை ஒன்று இருக்கிறதாம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தத் துளையில் மாட்டும் 150 வாட் இன்வெர்ட்டர் ஒன்றைப் பார்த்தோம், விலையும் கட்டுப்படியாகிறது. வாங்கலாமா? பவர் பேங்க் எத்தனை வேண்டும்? மே மாத வெயிலில் வேனுக்குள் இதையெல்லாம் எப்படி வைப்பது? என் அம்மா எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றி எடுத்துப் போ என்கிறார். நண்பர்களோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை

இதற்கு இவ்வளவு யோசனையா? ஆளுக்கொரு 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் வாங்கிவிடுங்கள். கதை முடிந்தது.

லாரன்ஸ் ரோடு பழுதுபார்ப்பவர்

மேலே சொன்னவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஒன்பது பவர் பேங்குக்கும் இரவில் சார்ஜ் ஏற்றுவது எங்கே என்று அவர் சொல்லவில்லையே!

தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் செல்போன், லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விடுமுறைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் என் மேசையில் கொண்டுவந்து கொட்டுவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எல்லோரும் கருவியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். பிளக்கைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டிகூட இல்லை, கவனித்தீர்களா?

ஒரு கணக்குப் போடுவோம். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ள செல்போன் ஒருமுறை நிரம்ப ஏறக்குறைய 19 வாட் மணி வேண்டும். ஒன்பது போனுக்கு 171. லேப்டாப் ஒன்றுக்கு 50 என்று வைத்தால் மூன்றுக்கு 150. கேமரா பேட்டரி, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் 60 போடுங்கள். சார்ஜரில் சூடாகிப் போகும் இழப்பையும் கூட்டினால்கூட ஒரு நாளைக்கு 500 வாட் மணியைத் தாண்டாது. அதாவது அரை யூனிட். அரை யூனிட் மின்சாரத்துக்கு எந்த ஊர் லாட்ஜிலும் பஞ்சமில்லை. துளைக்குத்தான் பஞ்சம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில் செல்போனும் கையுமாகக் கூட்டம். மனிதர் தாராளமானவர், டீசலும் இருந்தது. செருக இடம் இல்லாமல்தான் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். உங்கள் லாட்ஜ் அறையிலும் அதே கதைதான் நடக்கும். டிவிக்குப் பின்னால் ஒரு துளை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, அதுவும் ஆட்டம் காணும். மூன்று பேர் படுக்கும் அறையில் ஏழெட்டு சார்ஜர்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது எக்ஸ்டென்ஷன் பெட்டி. அறைக்கு ஒன்று. நான்கைந்து மீட்டர் ஒயர் இருக்கட்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 16 ஆம்பியர் துளையில் 6 ஆம்பியர் பிளக்கைப் பொருத்தும் மாற்றுப் பிளக் இரண்டு பையில் கிடக்கட்டும். பல லாட்ஜில் ஏசிக்கோ கீசருக்கோ வைத்த பெரிய துளைதான் உருப்படியாக இருக்கும். 6 ஆம்பியர் பெட்டி 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். உங்கள் சார்ஜர்கள் அத்தனையும் ஒன்றாக மாட்டினாலும் அதில் பாதியைத் தொடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கெட்டில் 1,500 வாட் என்றால் அது ஒன்றே போதும், பெட்டியின் ஒயர் இளகிவிடும். கெட்டில்காரத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் துளையில் தனியாக மாட்டினால் மாட்டட்டும், இல்லையென்றால் நூடுல்ஸைக் கடையில் சாப்பிடட்டும்.

அடுத்தது சார்ஜர். மூன்று லேப்டாப்பும் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகுமா என்று இன்றைக்கே பாருங்கள். ஆகுமென்றால் நான்கு துளை உள்ள 100 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு) வகைச் சார்ஜர் அறைக்கு ஒன்று போதும். ஆளுக்கொரு செங்கல் தூக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருப்பது ஒரே ஒரு கருவியை மாட்டும்போதுதான். நான்கையும் மாட்டினால் பங்கிட்டுத்தான் கொடுக்கும். லேப்டாப்பை முதலில் போட்டு, அது நிரம்பிய பிறகு மற்றதைப் போடும் ஒழுங்கை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் என்று குறித்த கேபிள் வேண்டும். மலிவுக் கேபிள் சிலவற்றில் சார்ஜ் ஏறும், படம் ஏறாது. உள்ளே அதற்கான கம்பியே வைத்திருக்கமாட்டார்கள். வீட்டிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, தகவலும் போகிற கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

பவர் பேங்க் உங்கள் ஒன்பது பேருக்கும் மூன்று போதும். 20,000 என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு: 74 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே அனுப்பும்போது 12,000, 13,000தான் கைக்கு வரும். செல்போனை இரண்டரை முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை நிரப்பலாம். வாங்கும்போது எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் என்று கேளுங்கள். பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் அது நிரம்ப ஓர் இரவு முழுக்கப் போய்விடும். 18 வாட் வாங்கிக்கொள்வதாக இருந்தால் ஐந்து மணி நேரத்தில் முடியும். அடியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ஆர் எழுத்தில் தொடங்குவது, இருக்கிறதா பாருங்கள். வயிறு உப்பிய பவர் பேங்க் எதையும் வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள், இலவசமாக வந்தாலும் சரி.

இப்போது வெயில். மே மாதத்தில் தூத்துக்குடியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனை நிறுத்திச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது உள்ளே கை வைக்க முடியாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. சும்மா வைத்திருந்தாலும் அந்தச் சூட்டில் ஆயுள் குறையும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று வாங்கி, கேமரா பேட்டரி, பவர் பேங்க், ஹார்டு டிஸ்க் மூன்றையும் உள்ளே வைத்து, வெயில் படாத பக்கத்து இருக்கைக்குக் கீழே தள்ளிவிடுங்கள். காலையில் உள்ளே இருந்த குளிர்ச்சி மதியம் வரை ஓரளவு தாங்கும். புதுப் பெட்டியாக வாங்குங்கள். மீன் போய் வந்த பெட்டி என்றால் மூணாறு வரை மணத்துக்கொண்டே போவீர்கள். ஐஸ் போடாதீர்கள், ஈரம் கோத்துவிடும். அந்தப் பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போடவும் கூடாது. வெளிச் சூடு உள்ளே போகாதது போலவே உள்சூடும் வெளியே போகாது.

கடைசியாக உப்பு. இதைத்தான் நான் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் என் பிழைப்பே இதனால்தான் ஓடுகிறது. டைப்-சி துளைக்குள் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று பொன்னிறத் தகடுகள் வரிசையாகத் தெரியும். உப்பு ஈரம் பட்ட போனைத் திறந்தால் எல்லாத் தகடும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. 5 வோல்ட் வருகிற தகடுகளில்தான் முதலில் பச்சைக் களிம்பு ஏறும். ஈரம் காயாமல் சார்ஜ் போட்டவர்களின் போனில் அந்தத் தகடு அரித்து அரித்துக் காணாமலே போயிருக்கும்; பக்கத்துத் தகடு புத்தம் புதிதாக மின்னும். தண்ணீரைவிடத் தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான் போனைத் தின்கிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. உப்பு பூக்கும் நிலையில் பாத்தியில் நிற்கும் தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு. போன் அதில் விழுந்தால் உடனே அணைத்துவிடுங்கள். நீர் புகாத வகைப் போன் என்றால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி உப்பை எடுத்துவிட்டு, துளை கீழே பார்த்தபடி காற்றில் வையுங்கள். முழுதாகக் காயும்வரை சார்ஜர் பக்கமே போகக் கூடாது. நீர் புகும் போன் என்றால் அணைத்து, அருகில் இருக்கும் கடைக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். தயவுசெய்து அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிட அதன் தூள் துளைக்குள் போய் அடைப்பதுதான் அதிகம். குண்டூசியால் தவிட்டை நோண்டி எடுத்து எடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு நாள் உப்பளத்தில் நின்று வந்தால் அன்று மாலையே கேமரா உடல், முக்காலியின் திருகு, மைக் முனை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உங்கள் அம்மா சொன்ன பழைய பருத்திப் புடவை இதற்கு வேண்டும், கட்டாயம் எடுத்துப் போங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் கேமராப் பையில் நாலைந்து இருக்கட்டும். நிறம் மாறும் மணி என்றால் மாறியதும் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது கேமராவைப் பையை மூடியே வெளியே கொண்டுவாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸில் நீர் கோக்காது.

இன்வெர்ட்டரைப் பற்றி வண்டிக்காரர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். என் கருத்து: வேண்டாம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, லேப்டாப் சார்ஜர் அதை மறுபடி 20 ஆக்கி, நடுவில் இரண்டு இடத்தில் இழப்பு. மலிவு இன்வெர்ட்டரில் மின்சார அலை ஒழுங்காகவும் வராது, சார்ஜர் ரீங்காரமிடும், சூடாகும்.

அரியாங்குப்பம் வேன் ஓட்டுநர்

கூப்பிட்டதுபோல் இருந்தது, வந்துவிட்டேன்.

தம்பி, 12, 17 இருக்கை வேன்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பஸ்ஸில் 24. வண்டியை அமர்த்தும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள், தெரியாமல் எதையும் மாட்டாதீர்கள். லைட்டர் துளைக்கு ஃபியூஸ் இருக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 120 வாட்டோடு சரி. உங்கள் 150 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமை இழுத்தால் 12 ஆம்பியருக்கு மேல் கேட்கும், ஃபியூஸ் போகும். உடனே ஒரு புத்திசாலி ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவான். அப்படிச் செய்த வண்டியில் டாஷ்போர்டுக்குள் ஒயர் உருகி வாடை வந்ததை நானே முகர்ந்திருக்கிறேன். இன்வெர்ட்டரை விடுங்கள். 12க்கும் 24க்கும் பொருந்தும் நல்ல கார் சார்ஜர், டைப்-சியில் 45 வாட்டோ 65 வாட்டோ கொடுப்பது, ஒன்று வாங்குங்கள். வண்டி ஓடும்போது ஒரு லேப்டாப் போதும்.

எஞ்சினை அணைத்தபின் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. சில வண்டியில் சாவியை எடுத்தாலும் அந்தத் துளைக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் பிள்ளைகள் சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் வண்டி கிளம்பாமல் தள்ளச் சொன்னால் எந்த ஓட்டுநருக்கும் கோபம்தான் வரும். நீங்கள் பாட்டுப் போடும் ஸ்பீக்கரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். புதுச்சேரியிலிருந்து கல்லூரிப் பையன்கள் வேன் வருகிறது என்றால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். காரைக்காலைத் தாண்டி வாஞ்சூரிலும் அப்படித்தான். ஆகவே கேமராப் பையை எல்லாவற்றுக்கும் அடியில் கயிறு போட்டுக் கட்டாதீர்கள். ஒரே ஜிப்பில் திறந்து காட்டி, ஒரே ஜிப்பில் மூடுகிற மாதிரி மேலே இருக்கட்டும். வெயிலில் சாலையோரம் லென்ஸைப் பரப்பி வைத்துவிட்டுத் திரும்ப அடுக்கும்போதுதான் சின்னச் சாமான் காணாமல் போகும். மாமாவின் ட்ரோன், நண்பனின் கேமரா என்று இரவல் பொருள் இருந்தால் பில் நகலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்காலி, லேப்டாப் எதையும் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்க வேண்டாம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் அது யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. கடைசி இருக்கைக்குக் கீழே, துணிப்பைக்கு நடுவே செருகுங்கள். துணிப்பை எப்படியும் வரப்போகிறது, அதைவிட நல்ல மெத்தை வேறு வேண்டாம்.

உப்பங்காற்று

நானும் புதுச்சேரியில் இதே படிப்புப் படித்தவள்தான், இப்போது ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் படப்பிடிப்புக்கும் போயிருக்கிறேன். மேலே அண்ணன்மார் இருவரும் மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள், நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

வெயிலுக்குப் பயந்து உப்பு வாருகிறவர்கள் விடியும் முன்பே பாத்திக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆகவே எல்லா பேட்டரியும் முந்தைய இரவு பத்து மணிக்குள் நிரம்பியிருக்க வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று, மலிவானதே போதும். கையில் டார்ச் பிடித்துக்கொண்டு முக்காலியைத் திருக முடியாது. ஏழு மணிக்கு மேல் நேர் எதிராகிவிடும். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, கேமராத் திரையில் ஒன்றும் தெரியாது. ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் இரண்டு லென்ஸுக்காவது வாங்குங்கள், ட்ரோனுக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தை இதில் போடுங்கள்.

ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். 2021 ட்ரோன் விதிகளின்படி, ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சிவப்பில் இருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. நீங்கள் போகும் வழியைப் பாருங்கள்: கோடியக்கரைச் சரணாலயம், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா, கூடங்குளம் அணுமின் நிலையம். இரண்டு வாரமும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அனுமதி விளக்கம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதுவும் இரவல் பொருள். மாமாவுக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

படத்தை எப்படிக் காப்பது என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. வரும். இரண்டு கேமரா, ஒரு காலை. எனவே வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும், இரண்டிலும் அதே படம், இரண்டும் வெவ்வேறு ஆள் பையில், வெவ்வேறு அறையில். சுழலும் தட்டு உள்ள பழைய வகை டிஸ்க் என்றால் வேன் ஓடும்போது நகல் எடுக்காதீர்கள், ஒரு பள்ளம் போதும். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றாவது கிடைத்தால் நல்லது. இரண்டு இடத்திலும் படம் ஓடுகிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். நிரம்பிய கார்டை உறையில் தலைகீழாகச் செருகும் பழக்கம் எங்கள் குழுவில் உண்டு. தூக்கக் கலக்கத்திலும் எது காலி என்று தெரியும்.

ஒலிக்கு ஒரு வார்த்தை. வேதாரண்யத்தில் கடற்காற்று ஓயாது. மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு மட்டும் போதாது, அதன் மேல் போடும் ரோம உறை வாங்குங்கள். சட்டையில் மாட்டும் மைக்குக்கும் சின்னதாகக் கிடைக்கும். படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

பாத்திக்காரரிடமோ மேஸ்திரியிடமோ முதல் நாளே போய் அனுமதி கேளுங்கள், கேமரா இல்லாமல் போங்கள். ஷூ காலோடு உப்பு விளைந்திருக்கும் பாத்தியில் இறங்காதீர்கள். அது அவர்களுடைய விளைச்சல். முக்காலியை வரப்பில் வையுங்கள், ஒவ்வொரு காலுக்கும் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி ரப்பர் போட்டுவிட்டால் திருகுக்குள் உப்புநீர் ஏறாது. அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவுத் தூணையும் எடுப்பீர்கள், எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு முன் பக்கத்தில் வேலை செய்கிறவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

தனுஷ்கோடியில் இலங்கை நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. பாம்பன் தாண்டும் முன்பே ரோமிங்கை அணைத்து, உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அங்கே மணல் பொடியாகப் பறக்கும், வெளியில் லென்ஸ் மாற்ற வேண்டாம், வேனுக்குள் மாற்றுங்கள். ஒன்பது பேரும் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தை ஓட்டுநரிடம் கொடுத்து வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்க அந்த எண் வேண்டும். எண் தொலைந்த போனுக்குள் இருந்தால் என்ன பயன்?

காலாப்பட்டு மாணவன்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. ட்ரோனை விட்டுவிட்டோம்; நண்பன் முகம்தான் கொஞ்சம் வாடிப்போனது. இன்வெர்ட்டரும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி மூன்று வாங்கியாகிவிட்டது. லேப்டாப்களில் இரண்டு டைப்-சியில் சார்ஜ் ஆகின்றன. ஒன்று பழையது, உருண்டை முனைச் சார்ஜர், 65 வாட். அதை என்ன செய்வது? கெட்டில்காரன் தன்னுடையது 600 வாட்தான் என்று அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அனுமதிக்கலாமா?

லாரன்ஸ் ரோடு பழுதுபார்ப்பவர்

600 வாட் என்றால் 6 ஆம்பியர் துளை தாங்கும். சுவர்த் துளையில் போடட்டும், சார்ஜர்கள் இருக்கும் பெட்டியில் வேண்டாம். கேமரா இருக்கும் மேசையிலும் வேண்டாம், ஆவி அடிக்கும். தம்பி ஜெயித்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு அதன் சொந்தச் சார்ஜரையே எடுத்துப் போங்கள். டைப்-சியிலிருந்து உருண்டை முனைக்கு மாற்றும் கேபிள் சந்தையில் கிடைக்கிறது, ஆனால் லேப்டாப் 19 வோல்ட்டா 20 வோல்ட்டா என்று பாராமல் வாங்கினால் வம்பு. அதை வேனில் சார்ஜ் செய்ய வேண்டாம், இரவு அறையில் மட்டும். நகல் எடுக்கும் வேலையை மற்ற இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, பழையதைப் படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் வழியாகத்தானே போகிறீர்கள், காலை பத்து மணிக்கு மேல் என்றால் கடை திறந்திருக்கும். போன்களின் துளையைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துத் தூசி எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம், ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வராமல் இருந்தால் போதும், கடை சின்னது.

அரியாங்குப்பம் வேன் ஓட்டுநர்

மாற்று ஃபியூஸ் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. வண்டியில் எந்த நிறம் இருக்கிறதோ அதே நிறம்தான் வாங்க வேண்டும், பெரியது போட்டால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.